கன்னத்தில் ஒரு பெயர்

இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, குழாய் ரிப்பேர்காரரிடம் "இன்னிக்காவது வருவீங்களா?" என்று கேட்கும்போது சைகை அக்காவின் புருவங்கள் இரண்டும் நெற்றியின் பாதிவரை ஏறிவிடுகின்றன. "இவ்ளோ பெரிய ஓட்டைங்க" என்னும்போது கைகள் இரண்டும் ஒரு வாளி அளவுக்கு விரிகின்றன. "நேத்துதான் வர்றேன்னு சொன்னீங்க" என்னும்போது கட்டைவிரல் தோளுக்குப் பின்னால் போய் நேற்றைச் சுட்டிக்காட்டிவிட்டு வருகிறது. மறுமுனையில் இருப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியப்போவதில்லை. சமையலறை வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்க்கும் கணவர் அதைத்தான் சொல்கிறார்.

"அந்தாளுக்கு உன் மூஞ்சி தெரியாதும்மா. வாயால சொன்னாப் போதும்."

"வாயால மட்டும் சொன்னா பாதிதாங்க போய்ச் சேரும்" என்கிறார் அக்கா, போனைப் பொத்திக்கொண்டு.

காது கேட்காதவர்களுக்கும் கேட்கிற மற்ற ஜனங்களுக்கும் நடுவில் நிற்பதுதான் அக்காவின் தொழில். அடையாள அட்டையில் 'சைகை மொழிபெயர்ப்பாளர்' என்று போட்டிருக்கிறது. அவ்வளவு நீளமாகப் படிக்கிற பொறுமை யாருக்கும் இல்லாததால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் முதல் கோர்ட் குமாஸ்தா வரை எல்லாருக்கும் அவர் சைகை அக்கா. வாரத்தில் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரி. மற்ற நாட்களில் கோர்ட், லைசென்ஸ் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எங்கே கூப்பிடுகிறார்களோ அங்கே. வயது நாற்பத்தொன்பது. பூப்போட்ட துணி உடுத்தமாட்டார்; பின்னால் பூ இருந்தால் முன்னால் அசைகிற விரல் எடுபடாது. மோதிரம் கிடையாது, வளையல் கிடையாது. அலமாரியைத் திறந்தால் கருநீலம், சாம்பல், மறுபடியும் கருநீலம். கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் இதே கதைதான். "பந்தியில யாராவது உன்கிட்ட தண்ணி கேட்கப்போறாங்க, பாரு" என்பார் கணவர். ஒரு தடவை கேட்டே விட்டார்கள். அக்காவும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. கையால் பேசுகிறவர் 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்றால், "அவருக்கு வயிறு வலிக்குதாம்" என்று சொல்லக் கூடாது. "எனக்கு வயிறு வலிக்குது" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அக்கா இந்தச் சட்டத்தை மீறியதில்லை. காலையில் ஒரு அறையில் "எனக்கு இது மூணாவது பிரசவம்" என்பார். அரை மணி நேரத்தில் பக்கத்து அறையில் "எனக்கு இந்த மீசைக்குக் கீழதான் அரிப்பு" என்பார். புதிதாக வந்த பயிற்சி டாக்டர்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். ஒருவர் அக்காவின் மேலுதட்டை உற்றுப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா இன்றைக்கும் சிரிக்கிறார்.

இத்தனைக்கும் மூலகாரணம் அண்ணன். அக்காவைவிட நாலு வயது மூத்தவர், தச்சர், பிறவியிலேயே காது கேட்காது. "எனக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே கை வந்துடுச்சு. முதல் சண்டையே கையாலதான். அடிக்கிறதைச் சொல்லலை, நிஜமாவே திட்டிக்கிட்டோம்" என்பார் அக்கா. அண்ணனின் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் இருபது பேர் கூடுவார்கள். எல்லாரும் கையால் பேசுகிறவர்கள். பலகை அடுக்குகள்தான் நாற்காலி; பிளாஸ்கில் டீ; பேச்சு சூடாகி எல்லாரும் ஒரே சமயத்தில் கைகளை வீச ஆரம்பித்தால் அண்ணன் எழுந்துபோய் விளக்கை இரண்டு முறை அணைத்து அணைத்துப் போடுவார். அந்தக் கூட்டத்தில் அதற்கு 'அமைதி' என்று அர்த்தம்.

அங்கே பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயர் செல்லாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. அதை அவரவரே வைத்துக்கொள்ள முடியாது, கூட்டம் வைக்க வேண்டும், கூட்டத்துக்கு இரக்கம் என்பதே கிடையாது. முன்பல் இடைவெளியோடு ஒருவர் வந்தால் அவர் பெயர் முன்பல் இடைவெளி. பஸ்ஸிலிருந்து விழுந்தவர் பெயர் பஸ்ஸிலிருந்து விழுந்தவர். விழுந்து முப்பது வருடம் ஆனாலும் அதுதான். அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் காதுக்குப் பின்னால் பிரேமை வளைத்து வளைத்துச் சரி பார்ப்பதால் அவர் பெயர் காதைப் பிடிக்கிறவர்.

அக்காவின் பெயர் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. கைக்குழந்தையாக இருந்த தங்கையின் கொழுகொழு கன்னத்தைப் பார்த்து நாலு வயது அண்ணன் வைத்தது. வலது கன்னத்தை மட்டும் காற்றால் உப்ப வேண்டும், ஆள்காட்டி விரலால் அதைக் குத்த வேண்டும், காற்று 'டப்' என்று வெளியே தெறிக்கும். அவ்வளவுதான் பெயர். கன்னத்தை உப்பாமல் இந்தப் பெயரைச் சொல்ல வழியே இல்லை. அந்த 'டப்' அண்ணனுக்குக் கேட்காது. காதுக்குக் கேட்காவிட்டால் என்ன, விரலுக்குக் கேட்கிறதே என்பார் அவர்.

போன வருடம் இந்தப் பெயரில் ஒரு கோளாறு வந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் அக்காவைக் கூப்பிடுகிறவர்களின் விரல் கன்னத்தைக் குத்தாமல் கொஞ்சம் கீழே, காது மடலுக்கு அடியில் போய்க் குத்தியது. முதலில் ஒருவர், பிறகு நாலு பேர், பிறகு எல்லாரும். ஜனங்களுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது, கன்னம் உப்பக்கூட அலுப்பு என்று அக்கா நினைத்துக்கொண்டார். கடைசியில் அண்ணனே அப்படிக் கூப்பிட்டதும் பொறுக்க முடியாமல், என் பேரை ஏன் எல்லாரும் கழுத்துக்கு இறக்கிவிட்டீர்கள் என்று சண்டைக்குப் போனார்.

அண்ணன் அதிசயமாகப் பார்த்தார். கன்னத்துப் பந்து கீழே இறங்கிவிட்டதே, அதனால் பெயரும் இறங்கிவிட்டது என்றார் கையால். பிறகு தங்கையின் விரலைப் பிடித்து வலது காது மடலுக்குக் கீழே வைத்தார். அங்கே ஒரு கோலிக்குண்டு இருந்தது. கெட்டியாக, வழவழப்பாக, வலியே இல்லாமல், விரலுக்கு அடியில் நழுவி நழுவிப் போனது. எட்டு மாதமாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அதாவது, கையை.

அக்கா நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"ஒரு நாளைக்கு நாப்பது பேர் காதைப் பிடிச்சுப் பார்க்கிறீங்க. கட்டின பொண்டாட்டி காதுக்குக் கீழ கோலிக்குண்டு முளைச்சிருக்கு, கண்ணுல படலையா?"

கணவர் பதறிப்போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு பாவமாகச் சொன்னார்: "நீ கண்ணாடி போடலையேம்மா."

அவருடைய வைத்தியத்தில் அது பொன்னுக்கு வீங்கி. ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் வைத்தியத்தில் அது கொழுப்புக் கட்டி. "அதுபாட்டுக்குக் கிடக்கும் அக்கா, சீண்டாதீங்க" என்று முடித்துவிட்டார். வலிக்காத சமாசாரத்தைத் தள்ளிப்போடுவதில் அக்காவும் நம்மைப் போலத்தான். தினமும் ஆஸ்பத்திரிக்குள் நடமாடுகிறவர் நாளைக்கு நாளைக்கு என்று ஒரு மாதம் கடத்தினார். அண்ணன் விடவில்லை. டாக்டரிடம் காட்டும்வரைக்கும் உன் பெயர் காதுக்குக் கீழேதான் என்று சொல்லிவிட்டார். கூட்டம் முழுக்க அதை ஒரு விரதம் மாதிரி கடைப்பிடித்தது. மூன்றாவது சனிக்கிழமை அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா அக்காவுக்குப் பல வருடப் பழக்கம். நூறு பேருக்காவது அந்த அறையில் அக்கா வாய் கொடுத்திருப்பார். எப்போதும் டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பழக்கம். அன்றைக்கு வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி கிறீச்சிடும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு வலது காதுக்குக் கீழ ஒரு கட்டி டாக்டர். எட்டு ஒன்பது மாசமா இருக்கு. வலி இல்லை."

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே, "சரி, பேஷண்டை உள்ள கூப்பிடுங்க அக்கா" என்றார்.

"நான்தான் டாக்டர்."

"அது தெரியுது. நீங்க சொல்ற 'நான்' யாரு?"

"நானேதான் டாக்டர்! இந்தத் தடவை நானேதான் நான்!"

டாக்டரம்மா பேனாவை வைத்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார், ஆனால் சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேருக்கு வலித்ததை எல்லாம் எனக்கு எனக்கு என்று சொல்லித் திரிந்தவருக்கு, தனக்கே ஒன்று வந்தபோது அதைச் சொல்லத் தனி வார்த்தை இல்லாமல் போய்விட்டது.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டியை உருட்டிப் பார்த்தார். மறுபக்கத்தையும் கழுத்தையும் தடவினார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து, கன்னத்தின் உள்பக்கம் எச்சில் வருகிற சின்னத் துவாரத்தைப் பார்த்தார். பிறகு புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக்கி மூடு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு என்று ஒரு நாடக ஒத்திகையே நடந்தது. அக்கா எல்லாவற்றையும் அளவுக்கு அதிகமாகவே செய்து காட்டினார்.

"இவ்வளவு வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "எச்சில் சுரப்பியில வந்திருக்கு. காதுக்கு முன்னாலயும் கீழயும் இருக்கிற பெரிய சுரப்பி."

"பொன்னுக்கு வீங்கின்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

"பொன்னுக்கு வீங்கின்னா ரெண்டு வாரத்துல வத்தியிருக்கணும். உங்களுக்கு எட்டு மாசமா வீங்குது. எவ்வளவு பொன் வேணும் உங்களுக்கு?"

"அப்போ கொழுப்புக் கட்டியா டாக்டர்?"

"கொழுப்பு உங்க பேச்சுல இருக்கு. கட்டியில இருக்கான்னு ஊசி போட்டுப் பார்ப்போம்."

ஸ்கேன் எடுத்தார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரமும் அக்கா ஒரு நாள்கூட விடாமல் வேலைக்குப் போய்வந்தார்.

முடிவு சொல்லும் நாளில் அண்ணனும் கூட வந்தார், காதில் செருகிய பென்சிலோடு. காது கேட்காதவர் வந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்; மொழிபெயர்ப்பாளரோ நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்காவே கைகளைத் தூக்கினார்.

"நல்ல சேதிதான். கலப்புக் கட்டின்னு சொல்லுவோம். சாதுவான கட்டி, புற்று இல்லை" என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். "ஆனா சாதுன்னு விட்டுவைக்கக் கூடாது. வளர்ந்துட்டே போகும். வருஷக்கணக்குல விட்டா சிலது புத்தி மாறிப் புற்றா ஆகும். எடுத்துடணும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தா உறை கிழிஞ்சு துணுக்கு உள்ள தங்கிடும். பல வருஷம் கழிச்சு ஒண்ணு பத்தா முளைக்கும். அதனால சுத்தி இருக்கிற நல்ல சுரப்பியையும் கொஞ்சம் சேர்த்து எடுப்போம்."

அக்காவின் கைகள் தடையில்லாமல் ஓடின. யாரோ ஒருவருடைய கட்டியைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது. அப்போது டாக்டரம்மா தன் உள்ளங்கையைக் காதுக்கு முன்னால் வைத்து, ஐந்து விரலையும் முகத்தின்மேல் விரித்தார்: ஒன்று நெற்றிக்கு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று உதட்டோரத்துக்கு, ஒன்று கழுத்துக்கு. "முகத்தை ஆட்டிவைக்கிற நரம்பு இப்படித்தான் போகுது. அந்தச் சுரப்பிக்கு நடுவால." அண்ணன் உடனே தலையாட்டினார். அந்த அறையில் அன்றைக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போன ஒரே வாக்கியம் அதுதான்.

"நரம்பைக் காப்பாத்திடுவோம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா அது தொட்டாலே கோவிச்சுக்கிற ஜாதி. கொஞ்ச மாசத்துக்கு வலது பக்கம் முகம் சோர்ந்துபோகலாம். எப்பவாவது யாராவது ஒருத்தருக்கு அது அப்படியே நின்னுடவும் வாய்ப்பு உண்டு. மறைக்காம சொல்லணும் இல்லையா?"

அக்காவின் கைகள் மடியில் இறங்கிவிட்டன. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அது அவருக்கு அன்றைக்கு எழுத்துக்கு எழுத்து நடந்தது. பிறகு அண்ணனைப் பார்த்து, சின்ன ஆபரேஷன்தான், சரியாகிவிடும் என்று இரண்டே அசைவில் முடித்தார்.

அண்ணன் டாக்டரம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வருடமாக முகங்களைப் படித்தே பிழைக்கிறவர் அவர். அவங்க வாய் இவ்வளவு நேரம் அசைந்தது, உன் கை இவ்வளவுதான் அசைந்தது, மீதி எங்கே என்று கேட்டார்.

கை பேசுகிறவர்களுக்கு முகம்தான் பேச்சின் பாதி. புருவம் ஏறினால் கேள்வி, ஏறாவிட்டால் அதே வாக்கியம் பதில். கன்னம் உப்பினால் பெரியது, ஒட்டினால் சின்னது. முகத்தில் பாதி தூங்கிவிட்டால் அக்கா பாதித் திக்குவாய். இருபத்திரண்டு வருடத் தொழில் போய்விடும். அதைவிடவும், வலது கன்னம் போனால் தன் பெயரைத் தன்னால் சொல்ல முடியாது. அக்கா பயந்தது அதற்குத்தான். அதை முதல்முறையாக, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல், அண்ணனுக்குக் கையால் சொன்னார்.

 அண்ணன் டாக்டரம்மா பக்கம் திரும்பிக் கையால் பேச ஆரம்பித்தார். அக்கா தொழிலுக்குத் திரும்பினார்.

"நான் தச்சு வேலை செய்றவன்" என்றார் அக்கா, சட்டப்படி. "பழைய மரத்தை அறுக்கும்போது உள்ள ஆணி இருந்தா முதல்ல என் கைக்குத் தெரிஞ்சிடும். உங்க கைக்குத் தெரியுமா?"

டாக்டரம்மா அண்ணனையே பார்த்துப் பதில் சொன்னார். "தெரியும்ணா. பதினெட்டு வருஷமா இதே அறுப்புத்தான். என் கை அசந்தாலும் கத்துறதுக்கு ஒரு மிஷின் வெச்சிருக்கேன். நரம்புகிட்டப் போனாலே பீப் பீப்னு கத்தும்."

"கத்தினா உங்களுக்குக் கேட்கும் இல்ல?" என்றார் அண்ணன், அக்காவின் வாயால்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. வெளியே காத்திருந்த கணவருக்குக் கை பரபரத்தது. எதிர் பெஞ்சுக்காரரின் கண்ணாடி கோணலாக இருந்ததைப் பார்த்து, "கொடுங்க, நிமிர்த்தித் தரேன்" என்று வாங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு நர்ஸ். பதினோரு கண்ணாடிகளை நிமிர்த்திய பிறகுதான் கதவு திறந்தது. அண்ணன் அதற்குள் பெஞ்சின் கால் ஒன்று குட்டை என்று கண்டுபிடித்து, மடித்த அட்டையைக் கீழே கொடுத்து ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்.

கட்டி உறையோடு முழுசாக வந்துவிட்டது. பரிசோதனை முடிவும் ஊசி சொன்னதையே சொன்னது. காதின் முன்னால் இறங்கி மடலைச் சுற்றிக் கழுத்துக்குப் போகும் தையலோடு, கட்டுத்துணிக்குப் பக்கத்தில் நீர் வடியத் தொங்கும் சின்னக் குழாயோடு, அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி ஒத்திகை நடத்தினார். புருவம் ஏறியது. கண் இறுக்கி மூடியது. பல்லைக் காட்டியபோது வலது உதட்டோரம் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. கன்னத்தை உப்பச் சொன்னார் டாக்டரம்மா. அக்கா காற்றைப் பிடித்தார். 'புஸ்ஸ்' என்று வலது ஓரத்தில் அது ஒழுகிப்போனது.

"நரம்பு முழுசா இருக்கு அக்கா. என் கண்ணால பார்த்தேன்" என்றார் டாக்டரம்மா. "கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. மூணு மாசமோ நாலு மாசமோ, தானா சமாதானமாகும். தினம் கண்ணாடி முன்னாடி நின்னு பழக்குங்க."

கண்ணாடிக்கா பஞ்சம்? மத்தியானம் ஈயோட்டும் நேரத்தில் அக்கா கணவரின் கடையில் போய் நின்று முகத்தைக் கோணிக்கோணிப் பயிற்சி செய்தார். பக்கத்துக் கண்ணாடியில் புது பிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அக்கா தன்னைப் பார்த்துத்தான் பழிப்புக் காட்டுகிறார் என்று நினைத்து, "அவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்று பிரேமைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். "பயிற்சியை வீட்டுல வெச்சுக்கலாமே" என்று கணவர் மெல்லச் சொன்னார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலது காது மடல் மரத்துப்போயிருந்ததால் அந்தப் பக்கம் போனும் வைப்பதில்லை. இன்றைக்கும் எல்லாம் இடது காதுதான்.

மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். டீ குடித்தால் வலது ஓரத்தில் ஒழுகும். கையில் ஒரு கைக்குட்டை, பையில் ஒரு கைக்குட்டை. அதுகூடப் பரவாயில்லை. அக்கா சொல்வதெல்லாம் பாதி அளவாகிவிட்டதுதான் வேடிக்கை. ஒருவருக்குச் சிறுநீரகத்தில் பெரிய கல் என்று டாக்டர் சொன்னார். அக்காவின் ஒற்றைக் கன்னத்தைப் பார்த்து அவர் சந்தோஷமாகி, நடுத்தரக் கல்தானே, மாத்திரையிலேயே கரைந்துவிடும் இல்லையா என்று கேட்டார். அக்கா இடது கையால் உதட்டோரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி உப்பிக் காட்ட வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படி. ராத்திரி கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் கைக்குட்டையை எடுத்து உதட்டோரத்தை ஒற்றிக்கொள்வார்.  கணவர் தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவ ஆரம்பிப்பார்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் பெயர்ப் பிரச்சினை மறுபடி கிளம்பியது. கட்டி போய்விட்டது, தழும்பு வந்திருக்கிறது, ஆகவே காதிலிருந்து கழுத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்து அதையே பெயராக வைக்கலாம் என்றார் முன்பல் இடைவெளி. சொல்வதற்கும் சுலபம், கன்னம் தேவையில்லை, அவளாலேயே சொல்லிக்கொள்ள முடியும் என்றார் பஸ்ஸிலிருந்து விழுந்தவர். நியாயமான பேச்சுத்தான். பலபேர் ஒப்புக்கொண்டார்கள். அக்காகூட, சரி போகட்டும் என்று கையைத் தூக்கப் போனார். அண்ணன் எழுந்துபோய் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டார்.

பெயர் வைத்தவன் நான், டாக்டரிடம் காட்டும்வரை அதைக் கீழேயே பிடித்துவைத்தவனும் நான், பந்து மறுபடி மேலே ஏறிவிட்டது என்றார். அவளால் சொல்ல முடியாதவரைக்கும் அவளுக்காக நான் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

சொன்னபடியே செய்தார். பட்டறைக்குப் புதிதாக யார் வந்து, இவர் யார் என்று அக்காவைக் காட்டிக் கேட்டாலும், அண்ணன் முந்திக்கொண்டு தன் நரைத்தாடிக் கன்னத்தை உப்பி, விரலால் குத்தி, 'டப்' என்று தங்கையின் பெயரைச் சொன்னார். டாக்டரம்மாவின் அறையில் சொன்னார். கடைத்தெருவில் சொன்னார். பேச்சு வந்த நாளிலிருந்து அண்ணனுக்காக "நான்" என்று சொல்லிவந்தவருக்கு, அந்த ஐந்து மாதமும் அண்ணன்தான் வாய். அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டுவார், எதிராளியிடம் ஆமாம், அதுதான் நான் என்பது போல.

ஒழுகுகிற காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டீ ஒழுகுவது நின்றது. அக்காவின் கன்னத்தில் கல் மறுபடி பெரிதானது. கைக்குட்டை ஒன்று அலமாரிக்குப் போனது. ஆனால் ஒரு கன்னத்தை மட்டும் உப்பி, குத்துகிறவரை காற்றைப் பிடித்துவைப்பது மட்டும் கைகூடவில்லை. கண்ணாடிக் கடையில் எத்தனை முறை முயன்றாலும் விரல் வருவதற்குள் 'புஸ்ஸ்'. பிறகு ஒரு நாள் அந்த முயற்சியைப் பற்றிப் பேசுவதையே அக்கா விட்டுவிட்டார். தினமும் கடைக்குப் போய்வந்தார். கேட்டால் கடையைக் கூட்டினேன் என்பார். கணவரும் ஆமாம் கூட்டினாள் என்பார். அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்ததை அண்ணன் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, ஊருக்குப் புதிதாக வந்த, காது கேட்காத தையல்காரப் பெண் ஒருவர் பட்டறைக்கு வந்தார். கூட்டம் அவரைச் சுற்றி உட்கார்ந்து வழக்கம்போல இரக்கமில்லாமல் ஏற இறங்கப் பார்த்து, என்ன பெயர் வைக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அவர் கூச்சத்தோடு ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்து, அக்காவிடம் நின்று புருவத்தை உயர்த்தினார்.

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். கன்னத்தை உப்பிக்கொண்டு விரலைத் தூக்கினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார். பிறகு தன் வலது கன்னத்தில் காற்றை நிரப்பினார். தழும்புக்கு முன்னால் கன்னம் உருண்டு திரண்டு நின்றது. பட்டறையில் ஒரு கையும் அசையவில்லை. அக்கா அவசரப்படாமல், நன்றாகப் பார்த்துக்கொள் என்பது போலத் தையல்காரரைப் பார்த்துவிட்டு, விரலால் குத்தினார். 'டப்.'

அங்கே அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர் அக்கா ஒருவர்தான். அண்ணன் தன் கன்னத்தில் பிடித்த காற்றை விட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு காற்றை விட்டார். மறுபடியும் என்று கையால் சொல்லிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். அக்கா கன்னத்தை உப்பிக்கொண்டு அந்த விரலுக்காகக் குனிந்தார்.